பச்சை முகத்துக்கு ஒரு பொட்டு

ஜூன் 3, செவ்வாய்

நகைக்கடையில் கொடுத்த டைரி ஃப்ரிட்ஜ் தலையில் தூசி வாங்கிக்கொண்டு கிடந்தது. இன்றைக்குத்தான் அதற்கு யோகம். பிசியோதெரபிக்காரப் பெண் சொல்லிவிட்டாள், தினமும் நாலு வரியாவது எழுத வேண்டுமாம், கை எப்படி இருந்தது, என்ன வேலை செய்தேன் என்று. சத்துணவு அமைப்பாளராக இருந்து அரிசிக்கும் பருப்புக்கும் கணக்கு எழுதியே தேய்ந்த கை இது. இப்போது என் கதையை எழுதச் சொன்னால் முனகுகிறது.

வியாதி இதுதான். வலது தோள் இறுகிப்போய்விட்டது. சர்க்கரை இருப்பவர்களுக்கு இது சகஜமாம். கை நெஞ்சுக்கு மேல் ஏறாது, முதுகுப் பக்கம் போகாது. பெரிய டாக்டர் படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை, மூன்றாம் அறைக்குப் போகச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் அறையில் இருந்தவள் நிலோஃபர். உடுமலைப்பேட்டைப் பெண், முதல் வேலை. ஆறு மாதம் சோதனைக் காலம், ஆகஸ்ட் கடைசியில்தான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்களாம். என் கையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாள். "இந்தக் கை சரியானா மொதல்ல என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்கம்மா?" இத்தனை டாக்டர்களில் ஒருத்தர் கேட்டதில்லை. என் கொண்டையை நானே போட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். சிரிக்காமல் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஜூன் 4, புதன்

கொண்டை விஷயம் சும்மா சொன்னதில்லை. இவ்வளவு நாளும் பக்கத்து வீட்டு மருமகள்தான் வாரிவிட்டாள். அவள் பிரசவத்துக்குத் தாய் வீடு போய்விட்டாள். பையன் பெங்களூரில் இருக்கிறான். மிச்சம் இருப்பது இவர்தான்.

இவர் மின்வாரியத்தில் கம்பம் ஏறிக் கம்பி இழுத்தவர். பெயர் நாச்சிமுத்து, பேச்சு கம்மி. கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்துச் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. காலையில் நானே சீப்பைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். சிக்கெடுக்கிறேன் என்று தலையோடு இழுத்தார். பின்னல் கேட்டதற்குக் கேபிள் முறுக்கினார். அதோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூன் 12, வியாழன்

மெழுகு ஒத்தடம், கரண்ட் ஒத்தடம், பிறகு சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி. கரண்ட் என்றதும் இவர் உள்ளே வந்து எத்தனை வோல்ட் என்று விசாரித்தார். நிலோஃபர் பொறுமையாக விளக்கினாள். திருப்தியாகி வெளியே போய் உட்கார்ந்தார்.

மற்ற அறைகளில் மிஷினை மாட்டிவிட்டு ஃபோன் பார்க்கிறார்கள். இவள் பக்கத்திலேயே நின்று, வலி எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் கையைத் தூக்குகிறாள். நான் கத்தினால் நிறுத்துகிறாள். கத்தியது நடிப்பென்றால் அதுவும் தெரிந்துவிடுகிறது.

அறை வாசலில் ஒரு பொத்தான் பெட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று முகம். பச்சை முகம் சிரிக்கிறது, மஞ்சள் முகம் சும்மா இருக்கிறது, சிவப்பு முகம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறது. வைத்தியம் எப்படி இருந்தது என்று ஒன்றை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். நான் பச்சையை இரண்டு தடவை அமுக்கினேன்.

ஜூன் 20, வெள்ளி

கை தோள் உயரம் வந்துவிட்டது. இவர் கையும் தேறுகிறது. எண்ணெயைக் கொஞ்சம் சுடவைத்துத் தடவுகிறார். எங்கே கற்றுக்கொண்டாரோ.

ஒன்று கவனித்தேன். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தால் மனுஷனுக்குப் பேச்சு வருகிறது. இன்றைக்கு, பையன் பிறந்த வருஷம் பவானிப் பக்கம் கம்பத்தில் ஷாக் அடித்துத் தொங்கியதைச் சொன்னார். எனக்கு அது தெரியவே தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்தவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பினால் பேச்சு நின்றுவிடும் என்று திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

என் வாயை ஊசி நூல் வைத்துத்தான் தைக்க வேண்டும்.

நேற்று ஆஸ்பத்திரிக் கூடம் நிறைய ஆட்கள். நிலோஃபரைப் பிடித்து நிறுத்தி, "உன்னை மாதிரி கைராசி இந்த ஊர்லயே யாருக்கும் இல்லை அம்மிணி" என்று எட்டூருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். மற்ற அறைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இன்றைக்கு அவள் வரும்போது முழங்கையில் கட்டு, கன்னத்தில் சிராய்ப்பு. காலையில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்துவிட்டாளாம். மணலில் சறுக்கியதாம். மணலாவது கிணலாவது. கண்ணுதான்.

சத்துணவுக் கூடத்தில் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளையை நன்றாகச் சாப்பிடுகிறது என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. வாய்க்கு அத்தனை கட்டுப்பாடு வைத்திருந்தவள், இந்தப் பெண் விஷயத்தில் உளறிக்கொட்டிவிட்டேன்.

ஜூலை 2, புதன்

ஒரு வழி பண்ணிவிட்டேன். இனிமேல் பச்சை முகம் கிடையாது. மஞ்சள்தான். மங்களமான நிறம், குறை சொன்னதாகவும் ஆகாது, கண்ணும் படாது. பெயருக்கு ஒரு குறை வைப்பதுதான் காப்பு. கைக்குழந்தை கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிறோமே, அது போலத்தான்.

எனக்கு முந்தின நேரத்துக்கு வருகிற அர்த்தநாரி அண்ணனிடம் சொன்னேன். மில் வாட்ச்மேனாக இருந்தவர், இரண்டு முழங்காலும் போய், இப்போது இவள் புண்ணியத்தில் கம்பில்லாமல் நடக்கிறார். பச்சையை அமுக்கப் போன கையைப் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மற்றவர்களுக்கும் அவரே சொல்லிவிடுவதாகச் சொன்னார். படித்தவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 9, புதன்

மூன்றாம் அறைக்கு வருகிற எல்லாரும் மஞ்சள். கழுத்துவலிக்கு வருகிற காலேஜ் வாத்தியார்கூட. நிலோஃபர் முழங்கைக் கட்டை அவிழ்த்துவிட்டாள். பலன் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது.

ஜூலை 18, வெள்ளி

மழை. சும்மா இருக்கப் பிடிக்காமல், மேல்தட்டிலிருந்த அப்பளம் டப்பாவை இறக்கிப் பொரித்தேன். இவர் ரேஷன் கடையிலிருந்து நனைந்து வந்தவர், அப்பளத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கூட இரண்டு சாப்பிட்டார்.

ஜூலை 19, சனி

காலையில் கை சுத்தமாகத் தூக்க வரவில்லை என்றேன். இவர் பேசாமல் சீப்பை எடுத்து வந்தார். இன்றைக்கு அவருடைய அக்காவைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் அந்த அக்காதான் இவருக்குத் தலை வாரிவிடுமாம். கல்யாணமாகிப் போன மூன்றாம் மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டது. போட்டோவில் பார்த்திருக்கிறேன், கதை கேட்டதில்லை. கொண்டை கோணல்.

ஜூலை 28, திங்கள்

நிலோஃபர் என் கையைத் தூக்கும்போது மேலே போகிறதாம். நானாகத் தூக்கினால் நெற்றியோடு நின்றுவிடுகிறதாம். "கை போகுதும்மா. நீங்கதான் விடமாட்டேங்கறீங்க. வலிக்குமோன்னு பயப்படறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். என் கொண்டையைப் பார்த்தாள். பிறகு, வீட்டில் யார் தலை வாரிவிடுகிறார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆற்றுக்குப் போய் வந்தோம். இவர் போட்ட கொண்டையில் இவரே மல்லிகை வைத்துவிட்டார். படித்துறையில் தெரிந்த பெண்கள் யார் கட்டியது என்று கேட்டார்கள். ஆள் வைத்திருக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கூட்டிப் பெருக்கினேன். துணி காயப்போட்டேன், கொடி உயரம்தான். பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், இடுப்பு வலித்தது. கையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மனசு பொக்கென்று போய்விட்டது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நிலோஃபர் கண் சிவந்து வீங்கியிருந்தது. சளி என்றாள். நான் என்ன பச்சைப் பிள்ளையா? கதவைச் சாத்திக் கேட்டதும் உடைந்துவிட்டாள். மேலாளர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். மற்ற அறைகளிலெல்லாம் பச்சை குவிந்திருக்கிறது, மூன்றாம் அறையில் மட்டும் ஜூலையிலிருந்து வெறும் மஞ்சள். நோயாளிகளுக்குத் திருப்தி இல்லை, மாதக் கடைசியோடு நின்றுகொள்ள வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டாராம்.

"நான் என்ன தப்பு பண்றேன்னு நீங்களாவது சொல்லுங்கம்மா. எல்லாரும் என் மூஞ்சிக்கு நேரா நல்லாத்தான பேசறாங்க. வெளிய போயி ஏன் அதை அமுக்கறாங்க?"

ஊருக்கெல்லாம் வக்கணையாகப் பேசுகிறவள், அந்தப் பெண் முன்னால் ஒரு சொல் வராமல் நின்றேன். அவள் அந்த அழுகையோடேயே என் கையைச் சுவரில் ஏற்றினாள். நெற்றி வரைக்கும்தான் ஏற்றினேன்.

வாசலில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். மஞ்சள் முகம் என்னைத்தான் பார்த்தது.

ஆகஸ்ட் 23, சனி

தலை வாரும்போது இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் முறை போல, நான்தான் திரும்பாமல் பேசினேன். சீப்பு நின்றது. "போயி நெசத்தைச் சொல்லிரு புள்ள. நானும் வர்றேன்" என்றார். எல்லாவற்றையும் என்று எழுதிவிட்டேன். மஞ்சள் விஷயத்தை மட்டும்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மேலாளர் சின்ன வயதுதான். கழுத்தில் டை, மேஜையில் கம்ப்யூட்டர். மரியாதையாக உட்காரச் சொன்னார். இவர் என் கைப்பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். நான் திருஷ்டி கதையை முதலிலிருந்து சொன்னேன். ஸ்கூட்டி, முழங்கைக் கட்டு, அர்த்தநாரி அண்ணன், எல்லாம். அந்தத் தம்பி நடுவில் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டது. உங்கள் நல்ல மனசு புரிகிறது, ஆனால் பெட்டிக்குத் திருஷ்டி தெரியாதே என்றது. போகட்டும், அடுத்ததாக ஒன்று சொன்னதுதான் என்னை அடித்தது.

கம்ப்யூட்டரில் என் விவரத்தை எடுத்துப் படித்தார். ஜூலை நடுவிலிருந்து அதே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. கை நெற்றி வரை, அதற்கு மேல் நோயாளியால் தூக்க இயலவில்லை.

"உங்களுக்கே கொணமாகலியேம்மா. அப்பறம் மஞ்சள்ங்கறது சரியான மார்க்குதான?"

மஞ்சளை அமுக்கியது மட்டும் அல்ல, நெற்றியோடு நிறுத்தியதும் சேர்ந்துதான் அந்தப் பெண் கழுத்தை நெரித்திருக்கிறது. கதவுப் பக்கம் திரும்பினேன். இவர் குடைக் காம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் அவர் போட்டுவிட்ட கொண்டை என் தலையில் இருந்தது. நாளைக்கு யார் போடுவார்கள் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது. வெட்கங்கெட்ட நினைப்பு.

எழுந்து நின்றேன். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி மேஜைமேல் வைத்தேன். முடி அவிழ்ந்து விழுந்தது. அந்தத் தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டது, கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கும். இரண்டு கையையும் தலைக்கு மேல் முழுசாகத் தூக்கி முடியை அள்ளினேன். பின்னால் கொண்டுபோய் முறுக்கி, சுற்றி, ஊசியை எடுத்துச் செருகினேன். வலி இல்லை. வலி போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"கை நல்லாயிருச்சுங்க தம்பி. அந்தப் பொண்ணு எப்பவோ கொணமாக்கிட்டா. நாந்தான் தூக்க முடியலைன்னு பொய் சொன்னேன்."

ஏன் என்று கேட்டார். மேஜையில் மிச்சமிருந்த ஊசிகளைப் பொறுக்கிச் செருகிக்கொண்டேன். கதவோரம் நின்றவரும் தலை நிமிரவில்லை.

மொபெட்டில் அவர் தோளைப் பிடிக்காமல் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கொண்டையை நானே போட்டுக்கொண்டேன். நேராக இருந்தது. இவர் விடியும் முன்பே ரேஷன் கடைக்கென்று போய்விட்டார். இன்றைக்கு ரேஷன் கடை விடுமுறை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நிலோஃபருக்கு வேலை போகவில்லை. நிரந்தரமும் இல்லை, இன்னும் மூன்று மாதம் பார்க்கிறார்களாம். அர்த்தநாரி அண்ணன் மேலாளர் அறைக்கு நடந்தே போய், உட்கார்ந்து எழுந்து காட்டியிருக்கிறார். காலேஜ் வாத்தியார் கழுத்தைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். அந்தத் தம்பி போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டதாம்.

நான் போய் நின்றதும் நிலோஃபர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, என்னை மன்னிச்சிரு அம்மிணி என்றேன். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"கையைப் பிடிச்சாலே தெரியும்மா. நீங்க தூக்கறதுக்கு ரெடியாகலைன்னு நெனைச்சேன். அதான் அவசரப்படுத்தலை."

தன் வேலை ஊசலாடும்போதுகூட என்னை அவசரப்படுத்தவில்லை இந்தப் பெண். அழுதுவிட்டேன். முதல் நாள் எழுதிய வரியை எடுத்து, கொண்டை என்ற இடத்தில் ஒரு டிக் அடித்தாள். இனி நான் வர வேண்டாமாம், வீட்டிலேயே பயிற்சி செய்தால் போதுமாம். விடை கொடுப்பதைக்கூட எவ்வளவு மெல்லச் செய்கிறாள்.

வெளியே வந்து பச்சையை அமுக்கினேன். அமுக்கியதும் பயம் வந்துவிட்டது. பழக்கம் எங்கே போகும்? யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, பையிலிருந்த மை டப்பாவைத் திறந்து, அந்தச் சிரிக்கிற பச்சை முகத்தின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். இனி எல்லாரும் தைரியமாக அதை அமுக்கலாம் என்று அர்த்தநாரி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். துடைத்துவிடுவார்களே என்றார். நீங்கள் எதற்கு இருக்கிறீர்கள் என்று டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

ஒரு வாரமாக வீட்டில் பேச்சில்லை. அவர் பேசாமல் இருப்பது புதிது இல்லை, எனக்குத்தான் இப்போது அது தாங்கவில்லை. கேட்டுக் கேட்டுக் கெட்டுப்போன காது.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் கண்ணாடி முன்னால் முடியை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் ஏதோ சத்தம். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து பின்னால் உட்கார்ந்தார். எண்ணெய் சுடவைத்திருந்தது.

தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தேன். பிறகு நான்தான் ஆரம்பித்தேன். கை சரியானது எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"அப்பளம் டப்பா எறங்குன அன்னைக்கே."

"அப்பறம் ஏனுங்க சொல்லலை?"

சீப்பு உச்சியிலிருந்து நுனி வரைக்கும் ஒரு தடவை வந்து போனது.

"சொன்னா நீயே வாரிக்கறேன்னுருவ. நான் எங்க போயி உக்காந்து பேசறது?"

திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இரண்டு பேர் மானமும் போயிருக்கும். அவர் பாட்டுக்கு வாரினார், அன்றைக்கு ரேஷன் கடை திறக்கவில்லை என்பதையும் ஆற்றுப்பாலத்தில் போய் உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். முடித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வழக்கமாக ஏதாவது ஒரு நொட்டை சொல்வேன். கண்ணாடியில் பார்த்தேன், கொண்டை இன்றைக்கும் இடது பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

"நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் செய்த ஒன்றை நான் வாய்விட்டு நல்லா இருக்கிறது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

சொன்னதும் திக்கென்றது. மை டப்பாவோ அர்த்தநாரி அண்ணனிடம். அடுப்படிக்குப் போய் வாணலி அடியில் விரலைத் தேய்த்து வந்து, அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் வலது கையை நன்றாகத் தூக்கி, அவர் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துவிட்டேன்.